கறை பல்லில் இல்லை, போர்வெல்லில்!

"கல்யாணத்துக்கு முன்னால ஒரு பாலிஷ் போட்டுட்டா பல்லு பளிச்சுனு ஆயிடும்." சேலம், நாமக்கல் பக்கம் பழுப்புப் பல்லோடு வளர்ந்தவர்களுக்கு இந்த அட்வைஸ் இலவசம். பாலிஷுக்குத்தான் காசு.

ஆகாது சார். இந்தச் சமவெளியில் பல ஊர்களில் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்துதான் போர்வெல் தண்ணீர் வருகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேலான தண்ணீரை எட்டு வயதுக்குள் குடித்து வளர்ந்தால், பல் முளைக்கும் முன்பே எனாமல் பழுதாகிவிடும். டீக்கறை மாதிரி மேலே ஒட்டியதல்ல அது, உள்ளேயே ஊறியது.

பாலிஷ் பேஸ்ட்டில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் பியூமிஸ் என்கிற எரிமலைக்கல் தூள், கிளிசரின், வாசனை. நைஸ், நடுத்தரம், கரடு என்று ரகம் உண்டு. டீ, வெற்றிலை, புகையிலைக் கறைக்கு நைஸ் ரகத்தில் கொஞ்ச நேரம் தேய்த்தால் பயமில்லை. 'க்ளீன் பண்ணினா பல் ஆடும்' என்பதும் கட்டுக்கதை. காரையை எடுக்காமல் விட்டால்தான் ஆடும்.

ஆனால், போகாத கறையைப் போக்குகிறேன் என்று கரடு ரகத்தைப் போட்டு வருஷா வருஷம் தேய்த்தால்? தேய்வது எனாமல். போனால் திரும்ப வளராது. ஃபுளோரைடு கறைக்கு மைக்ரோஅப்ரேஷன், பூச்சு என்று தனி சிகிச்சைகள் உண்டு. அதைச் சொல்லிச் செய்யட்டும். பாலிஷ் என்று ஏமாற்ற வேண்டாம்.

இன்னொரு கூத்து. கடையில் வாங்கும் டூத்பேஸ்ட்டில் ஃபுளோரைடு பத்து லட்சத்துக்கு 1000 பங்கைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு விதி. கிளினிக் பேஸ்ட் சிலவற்றில் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். துப்பத் தெரிந்த பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை. விழுங்கிவிடும் குழந்தைக்கு, அதுவும் ஏற்கெனவே தண்ணீரிலேயே ஃபுளோரைடு குடிக்கும் குழந்தைக்கு, அது எதற்கு? ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட்டும் கிடைக்கிறதே!

நாற்காலியில் சாயும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். என் கறை வெளியிலா, உள்ளேயா? பேஸ்ட் என்ன ரகம்? ஃபுளோரைடு எவ்வளவு? முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பக்கத்து தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் 2013-ல் ஒகேனக்கல் குடிநீர் வந்தது. ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது அந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. வியாதி தண்ணீரில் என்று அரசாங்கத்துக்கே தெரியும். உங்கள் போர்வெல் தண்ணீரைக் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் ஏறும்.

பாலிஷ் போட வேண்டியது பிள்ளைகள் பல்லுக்கல்ல. நல்ல தண்ணீர் தராத பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும்தான். அங்கே கரடு ரகமே போடலாம், தப்பில்லை.