ஒப்பந்தம் முடிந்தாலும் பொறுப்பு முடியாது: தொழில்முறை ரக்பி வீரர்களின் நலன் குறித்து எங்கள் நிலைப்பாடு

நிலைப்பாடு

தொழில்முறை ரக்பி யூனியன் வீரரின் உடல்நலத்துக்கும் பிழைப்புக்கும் கிளப்புகளும், தேசிய ரக்பி சங்கங்களும், உலக ரக்பி அமைப்பும் பொறுப்பு. அவர் ஆட்டத்திலிருந்து விலகும் நாளோடு அந்தப் பொறுப்பு முடிந்துவிடக் கூடாது. ஓய்வுக்குப் பிந்தைய மூளைநலக் கவனிப்பு, சம்பளப் பாதுகாப்பு, அடுத்த வேலைக்கான படிப்பு ஆகிய மூன்றும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். ரக்பியைத் தடை செய்யும்படி நாங்கள் கேட்கவில்லை. இந்த ஆட்டம் நீடிக்க வேண்டும் என்ற விருப்பத்தோடுதான் பேசுகிறோம்.

பின்னணி

ரக்பி யூனியன் நூறாண்டுக்கும் மேலாகச் சம்பளமில்லாத ஆட்டமாக இருந்தது. 1995 ஆகஸ்டில் பாரிஸில் கூடிய சர்வதேச ரக்பி வாரியம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. பகலில் ஒரு வேலை, மாலையில் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம் என்று இருந்தவர்கள் முழுநேர வீரர்களானார்கள். உடல் எடை கூடியது, வேகம் கூடியது, எதிராளியைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிளின் தாக்கமும் கூடியது. ஆட்டத்தில் படும் அடியோடு வாரம் முழுதும் பயிற்சியில் படும் அடியும் சேர்ந்துகொண்டது.

அந்தத் தலைமுறை இன்று நடுவயதில் இருக்கிறது. 2003 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் ஹூக்கர் ஸ்டீவ் தாம்சன், தமக்கு இளவயது மறதிநோய் வந்திருப்பதை 2020இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 42. சிட்னியில் வென்ற அந்த இறுதிப் போட்டி தம் நினைவில் இல்லை என்றார். வேல்ஸ் வீரர் அலிக்ஸ் போபம், வேல்ஸின் முன்னாள் அணித்தலைவர் ரயன் ஜோன்ஸ் ஆகியோரும் நாற்பதை ஒட்டிய வயதில் தமக்கு இதே நோய் இருப்பதை அறிந்தவர்கள். முன்னாள் வீரர்கள் பலர் உலக ரக்பி அமைப்பின் மீதும், இங்கிலாந்து, வேல்ஸ் சங்கங்களின் மீதும் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள்.

இவை தனிமனிதத் துயரங்கள் மட்டுமல்ல. ஸ்காட்லாந்துக்காக ஆடிய 412 முன்னாள் வீரர்களை ஆராய்ந்த கிளாஸ்கோ ஆய்வாளர்கள் தங்கள் முடிவை 2022இல் வெளியிட்டார்கள். பொதுமக்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

பிழைப்பின் நிலையாமை

நோயைத் தவிர வேறொரு ஆபத்தும் உண்டு. 2022 அக்டோபரில், திவாலான இங்கிலாந்து கிளப் வூஸ்டர் வாரியர்ஸ் வீரர்களின் ஒப்பந்தங்கள் ஒரே நாளில் செல்லாமற்போயின. அதே மாதம் வாஸ்ப்ஸ் கிளப்பும் திவாலாகி, வீரர்களும் ஊழியர்களுமாக 167 பேர் வேலை இழந்தார்கள். அடுத்த ஆண்டு லண்டன் ஐரிஷும் போனது. இங்கிலாந்தின் முதல்நிலை லீக் 13 அணிகளிலிருந்து 10 ஆகச் சுருங்கியது. 2023 பிப்ரவரியில் வேல்ஸ் தேசிய அணி வீரர்களே ஒப்பந்தச் சிக்கலுக்காக இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தைப் புறக்கணிப்போம் என்று எச்சரிக்க நேர்ந்தது.

கிளப் நிலைத்தாலும் உடல் நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை. பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்து ஆடும் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணியை இருமுறை வழிநடத்திய சாம் வார்பர்ட்டன், காயங்களால் 2018இல் விலகியபோது அவருக்கு வயது 29. மற்றத் தொழில்களில் அது வளரத் தொடங்கும் வயது.

எதிர்வாதம்

ஆபத்து தெரிந்தே ஆட வந்தவர்கள்தானே என்பார்கள் சிலர். எலும்பு முறியும் என்று அவர்களுக்குத் தெரியும். இருபது ஆண்டு கழித்து நினைவு அழியக்கூடும் என்பதை யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால்தானே அது தெரிந்தெடுத்த முடிவாகும்?

விதிகள் மாறிவிட்டன என்பது இன்னொரு வாதம். மாறியது உண்மை, அதை வரவேற்கிறோம். தலையில் அடிபட்டவரை வெளியே அழைத்துப் பரிசோதிக்கும் முறை 2012இல் தொடங்கியது. தாக்கத்தை அளக்கும் உணரி பொருத்திய மவுத்கார்டுகள் 2024இல் பயன்பாட்டுக்கு வந்தன. ஆனால் பயிற்சியில் முழு மோதல் வாரத்துக்கு 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று 2021இல் உலக ரக்பி அமைப்பு சொன்னது வழிகாட்டுதலாகத்தான் வந்தது. மேலும், இவையெல்லாம் இன்று ஆடுபவருக்கான காப்பு. ஆடி முடித்தவருக்கு இவற்றால் பயனில்லை.

கோரிக்கைகள்

1. 15 நிமிட வரம்பு கட்டாய விதியாக வேண்டும். மீறும் கிளப்புக்கு லீக் புள்ளிகள் குறைக்கப்பட வேண்டும்.
2. மவுத்கார்டில் பதிவாகும் விவரங்கள் வீரருக்கே உரியவை. கிளப்பை விட்டுச் செல்லும்போது முழுப் பதிவும் அவர் கைக்கு வர வேண்டும்.
3. ஓய்வுபெற்ற ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் கட்டணமில்லா மூளைநலப் பரிசோதனை வேண்டும். ஒளிபரப்பு உரிமை, டிக்கெட் வருவாயில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கி இதற்கான நிதியை உருவாக்க வேண்டும்.
4. ஒரு பருவத்துக்கான சம்பளத் தொகைக்கு உத்தரவாதம் காட்டாத கிளப்புக்கு அந்தப் பருவத்தில் ஆட அனுமதி தரக் கூடாது.
5. அகாடமியில் சேரும் நாள் முதல் படிப்புக்கோ தொழிற்பயிற்சிக்கோ வாரத்தில் நேரம் ஒதுக்குவது ஒப்பந்த உரிமையாக வேண்டும்.
6. இவை அனைத்தும் பெண் வீரர்களுக்கும் அதே அளவில் பொருந்த வேண்டும். 2025 மகளிர் உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு ட்விக்கனமில் 81,885 பேர் திரண்டார்கள். அந்தக் கூட்டம் தரும் வருவாயில் பெண் வீரர்களின் நலனுக்கும் பங்கு உண்டு.

செலவு அதிகம் என்று கிளப்புகள் சொல்லலாம். வீரர்களின் உடலைக் கொண்டு ஈட்டிய பணத்தில் அந்த உடலைப் பேணும் செலவுதான் முதல் செலவு. மிச்சத்தில் நடத்த முடியாத போட்டிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். ரசிகர்களிடமும் ஒரு வேண்டுகோள்: நீங்கள் ஆதரிக்கும் கிளப் தன் முன்னாள் வீரர்களுக்கு என்ன செய்கிறது என்று அதன் நிர்வாகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.