மலை உச்சியில் புத்தியை நம்பாதீர்கள்!

ஊட்டி, கொடைக்கானல் என்று இருந்த நம் வீட்டுக் கோடை விடுமுறை இப்போது லடாக் வரை போய்விட்டது. சென்னையில் ராத்திரி விமானம் ஏறி, டெல்லியில் மாறி, மறுநாள் காலை லே நகரில் இறங்கிவிடலாம். ராத்திரி சாப்பாடு கடல் மட்டத்தில். காலைக் காபி 11,500 அடி உயரத்தில்! அடுத்த நாளே 17,500 அடிக்கு மேல் இருக்கும் கர்துங் லா கணவாய், அதற்கடுத்த நாள் பாங்காங் ஏரி என்று புரோகிராம் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். நாமும் 'நாலு நாள் லீவில் எல்லாம் பார்த்தாச்சு' என்று திருப்திப்பட்டுக்கொள்கிறோம்.

இந்தப் புரோகிராமே தப்பு என்பது என் கட்சி.

லே நகரில் இறங்கினால் முதல் 48 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காமல் கிளம்புகிறவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான். "எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலியே, நல்லாத்தானே இருக்கேன்!" இந்த 'நல்லாத்தானே இருக்கேன்' இருக்கிறதே, அதுதான் மலையில் பெரிய ஆபத்து.

மேலே போகப்போகப் பிராணவாயு குறைவு என்கிறோம். உண்மையில் காற்றில் அதன் பங்கு அங்கேயும் 21 சதவிகிதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். லே நகரில் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 18,000 அடியில் பாதி. அழுத்தம் குறைந்தால் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேரும் பிராணவாயுவும் குறையும். உடம்பின் எடையில் மூளை வெறும் 2 சதவிகிதம். ஆனால் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கு வேண்டும். ஆள் சின்னவன், சாப்பாடு மட்டும் பெரியவனுக்குச் சமம்! சேமித்து வைக்கும் பழக்கமும் மூளைக்குக் கிடையாது. அதனால் தட்டுப்பாடு வந்தால் அது சீக்கிரமே தடுமாறும்.

எங்கள் சித்த மருத்துவத்தில் வாயுக்கள் பத்து. பிராணனுக்கு முதல் இடம். அந்தப் பிராணனும் ஆக்ஸிஜனும் ஒன்றேதான் என்று அடித்துச் சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறவர்கள் வேறே இருக்கிறார்கள்.

மூளையிலும் எல்லா வேலையும் ஒரே சமயத்தில் கெடுவதில்லை. நடக்கலாம், பேசலாம், போட்டோ எடுக்கலாம். புதிதாக ஒன்றை ஞாபகத்தில் வைப்பது, கணக்குப் போடுவது, 'இது வேண்டாம், திரும்பிவிடலாம்' என்று முடிவெடுப்பது, இவைதான் முதலில் தேயும். சிலருக்குக் காரணமில்லாமல் கோபம் வரும். சிலருக்கு நேர்மாறாக ஒரே குஷி!

1875-ஆம் வருஷம் ஏப்ரலில் பிரான்சில் மூன்று பேர் 'ஜெனித்' என்ற பலூனில் ஏறினார்கள். கையில் பிராணவாயு நிரப்பிய பைகளும் இருந்தன. போதாது என்று பால் பெர்ட் என்ற உடலியல் அறிஞர் எழுதிய எச்சரிக்கை நேரத்துக்குக் கிடைக்கவில்லை. 24,000 அடிக்கு மேல் போனபோது மூவருக்கும் உடம்பு தளர்ந்துவிட்டது. அந்த நிலையில் என்ன செய்தார்கள் தெரியுமா? இன்னும் மேலே போவதற்காக மணல் மூட்டைகளை அறுத்துவிட்டார்கள்! பலூன் இறங்கியபோது இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். பிழைத்தவர் டிஸ்ஸாண்டியே. தனக்கு வலியோ பயமோ தெரியவில்லை, உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்தான் இருந்தது, குழாயை வாயில் வைக்க நினைத்தும் கை எழவில்லை என்று பிற்பாடு எழுதினார். மருந்து பக்கத்திலேயே இருந்தது. எடுக்கச் சொல்ல வேண்டிய புத்திதான் முன்னாலேயே போய்விட்டது.

லடாக் அவ்வளவு உயரம் இல்லை என்பீர்கள். சரிதான். 1960-61-ல் எட்மண்ட் ஹிலாரி தலைமையில் ஒரு குழு இமயமலையில் சுமார் 19,000 அடியில் 'சில்வர் ஹட்' என்ற குடிலில் மாதக்கணக்கில் தங்கியது. அங்கே செய்த சோதனைகளில் ஒன்று, சீட்டுக்கட்டைப் பிரித்து அடுக்குவது. நம் வீட்டுக் குழந்தைகள் செய்கிற வேலை. சரியாகத்தான் செய்தார்கள், ஆனால் நேரம் கூடுதலாக ஆனது. மலையில் மூளை நின்றுவிடாது; நிதானம் கேட்கும். நாமோ அங்கே போய்த்தான் அவசரப்படுகிறோம்.

இதை வைத்து, மலைமேலேயே பிறந்து வளர்ந்தவர்களை மந்தம் என்று சொல்லிவிடக் கூடாது. அந்தத் தப்பைப் பெரிய விஞ்ஞானி ஒருவரே செய்தார். 1921-22-ல் பெரு நாட்டில் 14,000 அடி உயரத்தில் இருக்கும் செர்ரோ தெ பாஸ்கோவுக்கு ஆராய்ச்சிக்குப் போன இங்கிலாந்தின் பார்க்ராஃப்ட், உயரத்தில் வசிப்பவர்கள் எல்லோருமே உடம்பிலும் மனசிலும் குறைந்தவர்கள் என்று எழுதிவிட்டார். லிமாவில் இருந்த டாக்டர் கார்லோஸ் மோங்கேக்கு வந்ததே கோபம்! பார்க்ராஃப்டுக்கே மலைநோய் பிடித்திருந்தது, அது அவருக்குத் தெரியவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். பார்க்க வந்தவருக்குத் தலை சுற்றியது. அவர் ஊரே சுற்றுகிறது என்று எழுதிவிட்டார்!

திபெத்தியர்களின் உடம்பே தலைமுறை தலைமுறையாக மலைக்குப் பழகியிருக்கிறது. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2010-ல் கண்டுபிடித்தார்கள். இருந்தாலும் மோங்கே நேர்மையானவர். ஆண்டிஸ் மலைவாசிகளிலேயே சிலருக்குக் காலப்போக்கில் சிவப்பணுக்கள் மிதமிஞ்சிப் பெருகி, ரத்தம் கெட்டியாகி, தலைவலி, மறதி வருவதை 1925-ல் எடுத்துச் சொன்னவரும் அவரேதான். கீழே இறங்கி வசித்தால் அவர்களுக்குக் குணம் தெரிகிறது. நம் ஊட்டிக்காரர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். 7,350 அடி அந்தக் கணக்கில் வராது.

இனி கற்பூர சமாச்சாரம். கயிலாய யாத்திரை போகிறவர்கள் துணியில் கற்பூரம் முடிந்து எடுத்துப் போகிறார்கள். "மோந்தா ஆக்ஸிஜன் ஏறும்னு சொன்னாங்களே?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. சித்த வைத்தியன் சொன்னால் நம்புவீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஏறாது! கற்பூரம் மூக்கின் உள்ளே குளிர்ச்சி உணர்வைத் தூண்டும். காற்று தாராளமாகப் போவது போலத் தோன்றும். ரத்தத்தில் ஒரு துளி பிராணவாயு கூடாது. இருக்கிற குறை தெரியாமல் மறைப்பதால் அதில் எனக்கு உடன்பாடே இல்லை. பூண்டுச் சாறும் அப்படித்தான். குளிருக்கு இதமாகக் குடியுங்கள், மருந்தென்று நம்பாதீர்கள். என்னிடம் லேகியம் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

"நான் தினம் ஜிம்முக்குப் போறவன்" என்கிற வீரமும் எடுபடாது. 1962 சீனப் போரை ஒட்டி மலைக்கு அனுப்பப்பட்ட நம் ராணுவத்தினரிடையே மலைநோய் கண்ட 1,925 பேரைப் பற்றி டாக்டர் இந்தர் சிங் குழுவினர் 1969-ல் எழுதினார்கள். அவர்களெல்லாம் பயிற்சி பெற்ற சிப்பாய்கள்!

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை இருந்தால் மேலே ஏறாமல் அதே உயரத்தில் தங்குங்கள். மது, தூக்க மாத்திரை கூடாது. ஆளிடம் பேச்சு மாறுகிறதா, ஓரமாக உட்கார்ந்துவிடுகிறாரா என்று கவனியுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்க ஆரம்பித்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல், ராத்திரியானாலும் கீழே இறக்குங்கள். ஆக்ஸிஜன் சிலிண்டர் கிடைத்தால் கொடுங்கள். அதற்காக இறக்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். இதற்கு அலோபதியில் முன்கூட்டியே சாப்பிடும் மாத்திரை உண்டு. இதயம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்களும், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் அதைச் சொல்லி ஆங்கில மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

கயிலாயம் போகும் பெரியவர்களிடம்தான் எனக்குத் தயக்கம். 2020-லிருந்து நின்றிருந்த அரசு யாத்திரை 2025-ல் மறுபடி தொடங்கியது. கிரிவலப் பாதையில் டோல்மா லா 18,500 அடி. "பாதியில் திரும்பினா பாவம் இல்லையா?" என்று ஒரு அம்மா கேட்டார். மானசரோவர் கரையில் நின்று கும்பிட்டதே தரிசனம்தான் என்றேன். அவர் சமாதானமாகவில்லை. அவருடைய மகனைக் கூப்பிட்டு, "அங்கே அம்மா என்ன சொன்னாலும் கேட்காதே, முடிவு உன்னுடையது" என்று அவர் எதிரிலேயே சொல்லி அனுப்பினேன்.

நீங்களும் அப்படி ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன்பு, தரையில் புத்தி தெளிவாக இருக்கும்போதே, என்ன ஆனால் திரும்புவது, யார் பேச்சைக் கேட்பது என்று பேசி ஒரு காகிதத்தில் எழுதிப் பையில் வையுங்கள். அந்த முடிவெடுக்கும் ஆளுக்கே உடம்பு முடியாமல் போனால் அடுத்தது யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.