பரணில் கிடந்த சத்தம்

கறுப்பின மக்களின் இசை என்றதும் நம்ம சிறுபத்திரிகைகளில் வரிசையாக வந்து நிற்பது ஜாஸ், புளூஸ், ரெகே, ராப். பங்க் என்றால்? அது வெள்ளைக்காரப் பையன்களின் கலகம், நியூயார்க்கிலும் லண்டனிலும் கிழிந்த சட்டையோடு கிளம்பினது என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வரலாற்றில் 2009-இல் ஒரு இசைத்தட்டு ஓட்டை போட்டது. 1970-களின் நடுவில் பதிவான ஏழு பாட்டு. மொத்தமாகச் சேர்த்தாலும் அரைமணி நேரம் ஓடாது. பாடியவர்கள் டெட்ராய்ட் நகரத்துக் கறுப்பு அண்ணன் தம்பிகள் மூன்று பேர். குழுவின் பெயர் 'டெத்'. சாவு.

இந்த இதழின் தலையங்கத்தை அவர்களுக்கு ஒதுக்குகிறேன். அமெரிக்காக்காரன் பாட்டுக்கும் நம்ம சேரிக்கும் என்ன தோழரே சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் இயக்கம் எழுந்தபோது அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் போதும். கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் நாம். அவர்கள் சனம் எதை இழந்தது, எதை விடாமல் பிடித்து வைத்தது என்பதும் நமக்குத் தெரிய வேண்டும்.

டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகளின் ஊர். 1967 ஜூலையில் போலீஸ் அடாவடிக்கு எதிராகக் கறுப்பு மக்கள் தெருவில் இறங்கியபோது ராணுவத்தைக் கொண்டுவந்து அடக்கிய ஊர். 43 பேர் செத்தார்கள், பெரும்பாலோர் கறுப்பர்கள். அந்த ஊரில்தான் 1959-இல் மோடவுன் கம்பெனி தொடங்கி, கறுப்புக் குரல்களை உலகம் முழுக்க விற்றது. 1972-இல் அது லாஸ் ஏஞ்சல்சுக்குப் பெட்டி கட்டிவிட்டது. கம்பெனி போனாலும் அது வகுத்த சட்டம் போகவில்லை. கறுப்பன் பாடினால் சோல் பாடணும், ஃபங்க் பாடணும், ஆட்டம் போட வைக்கணும்.

டேவிட், டானிஸ், பாபி ஹாக்னி என்கிற மூன்று பேரும் 1971-இல் அப்படித்தான் ஃபங்க் வாசிக்கத் தொடங்கினார்கள். மூவரில் மூத்தவர் டேவிட். சின்ன வயசில் சந்தில் எவனோ தூக்கிப் போட்ட கிடாரை எடுத்துவந்து பழகினவர். 'தி ஹூ', ஆலிஸ் கூப்பர் இவர்களின் ராக் இசையைக் கேட்டபிறகு அவருக்குள் ஏதோ உடைந்திருக்கிறது. ஃபங்கை விட்டார்கள். டேவிட் கிடார், பாபி பாஸ் கிடாரும் குரலும், டானிஸ் டிரம்ஸ். வீட்டு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்த வேகம், பின்னால் ஹார்ட்கோர் என்று பெயர் வாங்கிய வேகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. 'பாலிட்டிசியன்ஸ் இன் மை ஐஸ்' என்ற பாட்டைக் கேளுங்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளைச் சண்டைக்கு அனுப்பிவிட்டு ஓட்டுக்கு மட்டும் பல்லைக் காட்டுகிற அரசியல்வாதியைப் பற்றியது. வியட்நாமிலிருந்து பிணங்கள் வந்திறங்கிய காலத்துப் பாட்டு. கெஞ்சல் கிடையாது, அழுகை கிடையாது, நேராக மூஞ்சியில் கேட்கிற கேள்விதான்.

சொந்தத் தெருவிலேயே கேலி செய்தார்கள், இதெல்லாம் வெள்ளைக்காரன் பாட்டு என்று. வெள்ளைக்காரனோ ராக் தன் சொத்து என்றான். சக் பெர்ரியும் லிட்டில் ரிச்சர்டும் போட்ட பாதை அது என்பதை இரண்டு பக்கமும் மறந்துபோனது. ஒரு கூட்டத்திடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, பிறகு அதைத் தொட வந்தால் 'உனக்கு இது வராது' என்று சொல்வது நமக்குப் புதுசா என்ன? பறை சாவு வீட்டுக்கு, வீணை சபாவுக்கு என்று கலைக்கும் வருணம் பிரித்து வைத்த நாடு இது. தலித் எழுதினால் தன்கதை எழுதணும், பாடினால் நாட்டுப்புறம் பாடணும் என்று இன்றைக்கும் நமக்கு இடம் ஒதுக்கித் தருகிறார்கள். தருகிறவர்களில் நல்லவர்களும் முற்போக்காளர்களும் உண்டு. ஒதுக்கித் தருகிற இடத்துக்குப் பெயர்தான் சேரி.

இனி பெயர் விஷயம். இவர்களுடைய அப்பா குடிபோதையில் வண்டி ஓட்டினவனால் விபத்தில் இறந்துபோனார். சாவைக் கண்டு ஒடுங்காமல் அதன் அர்த்தத்தையே திருப்பிப்போடணும் என்று டேவிட் குழுவுக்கு 'டெத்' என்று பெயர் வைத்தார். டெட்ராய்டின் யுனைடெட் சவுண்ட் ஸ்டுடியோவில் பாட்டுகள் பதிவாயின. இசைக் கம்பெனி உலகின் பெரிய கை கிளைவ் டேவிஸ் ஆர்வம் காட்டினார், பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள் என்று கேட்டார் என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். தம்பிகளுக்குத் தயக்கம். டேவிட் முடியாது என்றார். அத்தோடு கதவு மூடியது. பன்னிரண்டு பாட்டுக்குத் திட்டம் போட்டது ஏழோடு நின்றது. 1976-இல் சொந்தமாக 500 தட்டு மட்டும் அச்சடித்தார்கள், இரண்டு பாட்டோடு. வானொலி கண்டுகொள்ளவில்லை.

இதைப் படிக்கும்போது எனக்கு இரட்டைமலை சீனிவாசன் ஞாபகம்தான் வந்தது. 1893-இல் அவர் பத்திரிகை தொடங்கியபோது வைத்த பெயர் 'பறையன்'. எந்தச் சொல்லால் ஊர் நம்மை ஏசியதோ அதையே தலைப்பில் அச்சடித்துக் கடைத்தெருவில் விற்றார். கௌரவமாக வேறொரு பெயர் வைத்திருக்கலாமே என்று இன்றைக்குக்கூடச் சிலர் சொல்வார்கள். பெயரை மாற்று, மற்றதெல்லாம் தருகிறேன் என்பவன் கேட்பது பெயரை மட்டுமல்ல. அவனுக்கு உறுத்தாத மாதிரி நம்மைத் திருத்திக் கேட்கிறான். டேவிட் ஹாக்னிக்கு அது புரிந்திருந்தது.

அதற்காக அவர் கொடுத்த விலையையும் சொல்லியாகணும், வீரவணக்கம் போட்டு முடித்துவிடக் கூடாது. 1977-இல் சகோதரர்கள் வெர்மான்ட் மாநிலத்துக்குக் குடிபோனார்கள். வேறு பெயரில் இரண்டு பக்தி ராக் தட்டு போட்டார்கள், அதுவும் எடுபடவில்லை. 1982-இல் டேவிட் டெட்ராய்ட் திரும்பினார். தம்பிகள் ரெகே குழு நடத்தினார்கள். கறுப்பனுக்கு அனுமதிக்கப்பட்ட இசை அது, பிழைப்பு ஓடியது. 2000-இல் நுரையீரல் புற்றுநோயில் டேவிட் இறந்தார். சாகும் முன் மூல ஒலிநாடாக்களைத் தம்பி பாபியிடம் கொடுத்து, பத்திரமாக வை, ஒருநாள் உலகம் இதைத் தேடி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நாள் வர ஒன்பது வருஷம் ஆனது. அந்த 500 தட்டில் ஒன்றிரண்டு சேகரிப்பாளர்கள் கையில் சிக்கி, பெரிய விலைக்கு ஓடத் தொடங்கின. அந்தப் பாட்டு பாபியின் மகன் காதிலும் எங்கேயோ விழுந்தது. இது எங்கப்பா குரலாச்சே என்று பையன் திகைத்துப்போனான். பரணில் கிடந்த நாடாக்கள் கீழே இறங்கின. சிகாகோவின் டிராக் சிட்டி நிறுவனம் 2009-இல் ஏழு பாட்டையும் வெளியிட்டது, பழைய பெயரிலேயே. 2011-லும் 2014-லும் மிச்சப் பதிவுகள் வந்தன. 2012-இல் ஆவணப்படமும் வந்தது.

உலகம் பாராட்டியது. எப்படி? 'ரமோன்ஸுக்கு முன்பே இவர்கள் பங்க்' என்று. இங்கேதான் எனக்கு எரிச்சல். முன்பே செய்தவனை, பின்னால் வந்த வெள்ளைக்காரனை வைத்துத்தான் அளக்கிறார்கள். 'கண்டுபிடித்தோம்' என்கிறார்கள். கொலம்பஸ் கண்டுபிடித்த மாதிரி! அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, பரணுக்கும் தெரிந்திருந்தது. ஒரு குடும்பம் முப்பது வருஷத்துக்கு மேல் காத்ததைக் காசு போட்டு வெளியிட்டவனுக்கு நன்றி சொல்லலாம். மீட்டவர்கள் அவர்கள்தான் என்று எழுதாதீர்கள்.

இந்த மறதி செய்கிற பெரிய கேடு வேறு. 1970-களின் கடைசியில் வாஷிங்டனில் 'பேட் பிரெய்ன்ஸ்' என்ற கறுப்பு இளைஞர்கள் ஹார்ட்கோர் இசையை மின்னல் வேகத்துக்குக் கொண்டுபோனார்கள். தங்களுக்கு முன்னால் டெட்ராய்டில் மூன்று பேர் இருந்தார்கள் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஒவ்வொரு தலைமுறையும் தானே முதல் ஆள் என்று நினைத்துக்கொண்டு அடிவாங்குகிறது, முந்தினவன் வாங்கிய அடியின் பாடம் இல்லாமல்.

நமக்கும் நடந்ததுதான். 1990-91 அம்பேத்கர் நூற்றாண்டையொட்டித் தமிழில் தலித் எழுத்து எழும்பியபோது, இது மராத்தியிலிருந்து இறக்குமதி என்றார்கள். பதில் சொல்ல நம் கையில் ஆதாரம் குறைவு. 1907 முதல் அயோத்திதாசப் பண்டிதர் வாராவாரம் 'தமிழன்' நடத்தியிருக்கிறார், 1914-இல் சாகும்வரை. அந்த எழுத்து அலாய்சியஸ் தொகுப்பாகப் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் மூலம் நம் கைக்கு வந்தது 1999-இல். நடுவில் எண்பத்தைந்து வருஷம். அதுவரை பழைய தாள்களைத் தூக்கிப் போடாமல் வீடுகளில் வைத்திருந்த பௌத்தக் குடும்பங்களும் பெரியவர்களும் இல்லையென்றால் தொகுக்க என்ன இருந்திருக்கும்? 'பறையன்' இதழுக்கு அந்த அதிர்ஷ்டம்கூட இல்லை. 1893 முதல் 1900 வரை வந்த பத்திரிகை, முழுத் தொகுதியாக நம் கையில் இல்லை. அதற்குப் பரண் வாய்க்கவில்லை.

தோழர்களே, மாணவர்களே, பல்கலைக்கழகம் வந்து காப்பாற்றும், அரசு ஆவணக் காப்பகம் வந்து காப்பாற்றும் என்று உட்காராதீங்க. நம்ம ஊர் மாநாட்டு நோட்டீஸ், சுவரொட்டி, நின்றுபோன சிறுபத்திரிகை, கலைக்குழு பாடின கேசட், கூட்டத்தில் எடுத்த போட்டோ எல்லாம் யார் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது என்று கேட்டு எழுதுங்க. கேசட் நாடா பூஞ்சை பிடிப்பதற்குள் மறுபதிவு எடுங்க. போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் ஊர், வருஷம், நிற்கிறவர்கள் பெயர் எழுதுங்க. பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர் இன்னும் எத்தனை நாள் இருப்பாரோ. அசலை அவர்களிடமே விட்டுவிட்டு நகலை நம் இதழுக்கு அனுப்புங்க. வருகிற ஒவ்வொன்றையும் அது வந்த வீட்டின் பெயரோடுதான் அச்சடிப்போம்.