ஆட்டோகிராப் வாங்கப் போறீங்களா? சேகரிப்பாளர் சங்கங்கள் போலியிலிருந்து காப்பாற்றுமா?

பிடித்த வீரரின் கையெழுத்து போட்ட பந்து. அதில் பளபளக்கும் ஹாலோகிராம் ஸ்டிக்கர். கூடவே, ‘இது அசல்தான்’ என்று சொல்லும் சான்றிதழ். இதுக்கு மேல என்ன வேணும் என்றுதான் பலரும் நினைப்பார்கள்.

2025 ஜூலையில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் நடந்த ஒரு சம்பவம் அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டது. போலி ஆட்டோகிராப் விற்பனை தொடர்பாக போலீஸார் சோதனைக்குப் போன இடத்தில், அந்தத் தொழிலை நடத்தியவர் இறந்து கிடந்தார். அவர் பெயரில் வெளியான ஃபேஸ்புக் பதிவு, 40 லட்சத்துக்கும் மேற்பட்ட போலிப் பொருட்களை விற்றதாகவும், விற்பனை 35 கோடி டாலரைத் தாண்டியதாகவும் சொன்னது. இவை அந்தப் பதிவு சொன்ன கணக்குகள் மட்டுமே. ஆனால் ஹாலோகிராம் ஸ்டிக்கரையே போலியாக அடித்ததாகவும் அதில் இருந்ததுதான் சேகரிப்பாளர்களைத் தூக்கிவாரிப் போட்டது.

அப்படியென்றால் வாங்குபவர் யாரை நம்புவது? இதற்கென்றே இருக்கும் சேகரிப்பாளர் சங்கங்கள் உதவுமா?

பிரச்னை எவ்வளவு பழசு?

1990-களில் அமெரிக்காவின் எஃப்பிஐ, ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் ஒரு ரகசிய விசாரணையை சான் டியாகோவில் நடத்தியது. 1999 அக்டோபரில் அதிரடிச் சோதனைகள் நடந்தன. சிக்கியது ஒரு பெரிய கும்பல். பேப் ரூத், மிக்கி மேன்டில் போன்ற பேஸ்பால் ஜாம்பவான்களின் கையெழுத்துகள் அங்கே மொத்தமாகத் தயாராகிக்கொண்டிருந்தன. அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூட இருந்தது! பேஸ்பாலுக்கும் அன்னை தெரசாவுக்கும் என்ன சம்பந்தம் என்று வாங்கியவர்கள் யோசிக்கவில்லை.

போலி விளையாட்டு நினைவுப் பொருட்களின் சந்தை ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் என்பது அப்போதைய எஃப்பிஐ மதிப்பீடு. கவனிக்க வேண்டிய விஷயம், அந்தப் போலிகளில் பெரும்பாலானவை சான்றிதழோடுதான் விற்கப்பட்டன. காகிதத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

சங்கங்கள் என்ன செய்கின்றன?

இந்தத் துறையில் பழைய அமைப்புகள் சில உண்டு. கையெழுத்துப் பிரதிகளைச் சேகரிப்பவர்களுக்கான ‘மேனுஸ்கிரிப்ட் சொசைட்டி’ 1948-ல் தொடங்கியது. 1965-ல் உருவான யுஏசிசி, அதாவது யுனிவர்சல் ஆட்டோகிராப் கலெக்டர்ஸ் கிளப், சேகரிப்பாளர்களுக்கான அமைப்பு. அமெரிக்காவில் ‘பாடா’ என்ற தொழில்முறை டீலர்கள் சங்கமும், பிரிட்டனில் ‘ஆஃப்டல்’ என்ற அமைப்பும் இருக்கின்றன.

இவற்றால் கிடைக்கும் பாதுகாப்பு மூன்று வகை. ஒன்று, டீலர் பட்டியல். யுஏசிசியில் பதிவு பெற்ற டீலர், அதன் நடத்தை விதிகளை ஏற்க வேண்டும். இரண்டு, புகார் வழி. விற்ற பொருள் போலி என்று தெரிந்து டீலர் கைவிரித்தால், சங்கத்திடம் போகலாம். விசாரித்து இடைநீக்கம் செய்யவோ வெளியேற்றவோ முடியும். மூன்று, அறிவு. எந்த நடிகருக்கு அவரது செயலாளர் கையெழுத்துப் போட்டார், எந்தத் தலைவர் ‘ஆட்டோபென்’ இயந்திரம் பயன்படுத்தினார் என்ற தகவல்கள் பல ஆண்டுகளாக சேகரிப்பாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சேர்த்தவை. அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடியின் கையெழுத்து இதற்குப் பிரபலமான உதாரணம். அவர் பெயரில் செயலாளர்கள் போட்டதும் உண்டு, இயந்திரம் போட்டதும் உண்டு.

எங்கே இடிக்கிறது?

சங்கங்களின் கையில் இருக்கும் பெரிய ஆயுதமே உறுப்பினரை நீக்குவதுதான். அவற்றால் சோதனை நடத்த முடியாது, கைது செய்ய முடியாது, பணத்தைப் பறிமுதல் செய்து திருப்பித் தரவும் முடியாது. சங்கத்தில் சேராத ஒருவர்மீது எந்தப் பிடியும் கிடையாது. நீக்கப்பட்ட டீலர் மறுநாளே வேறு பெயரில் ஆன்லைனில் கடை திறந்தால் தடுக்க ஆளில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டீலர் சங்கங்களில் விதி போடுபவர்களும் டீலர்கள், விதிக்குக் கட்டுப்படுபவர்களும் டீலர்கள். நேர்மையான டீலருக்கு, போலி விற்பவரை வெளியேற்றுவது சொந்தத் தொழிலைக் காப்பாற்றும் வேலை. அதேநேரம், தினமும் முகம் பார்க்கும் சக வியாபாரி மீது நடவடிக்கை எடுப்பது யாருக்குமே எளிதல்ல.

உறுப்பினர் முத்திரைக்கு என்ன அர்த்தம் என்பதிலும் தெளிவு வேண்டும். அது விற்பவரைப் பற்றிய தகவல். கையில் இருக்கும் அந்த ஒரு போட்டோவைப் பற்றிய தீர்ப்பு இல்லை.

அப்போ சான்றளிக்கும் நிறுவனங்கள்?

பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் போன்ற நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு கையெழுத்தை ஆராய்கின்றன. அனுபவமுள்ள கண்கள்தான். ஆனால் அவர்கள் தருவது கருத்து. யாரும் பார்க்காமல் போடப்பட்ட கையெழுத்தை நூறு சதவீதம் உறுதிசெய்ய வழியில்லை.

இதற்கு மாற்றாக வந்ததுதான் ‘நேரில் பார்த்து’ சான்றளிக்கும் முறை. புல்பென் விசாரணைக்குப் பிறகு, 2001-ல் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் இதைத் தொடங்கியது. வீரர் கையெழுத்துப் போடும்போது, காவல்துறை அனுபவமுள்ள ஒருவர் பக்கத்திலேயே இருந்து பார்க்கிறார். உடனே எண் கொண்ட ஹாலோகிராம் ஒட்டப்படுகிறது. அந்த எண்ணை ரசிகர்கள் ஆன்லைனில் சரிபார்க்கலாம். பார்க்காத கையெழுத்துக்கு ஸ்டிக்கர் கிடையாது. எனவே பழைய பொருட்களுக்கு இந்த முறை உதவாது.

டிலன் விவகாரம் சொல்லும் பாடம்

2022 நவம்பரில், நோபல் பரிசு பெற்ற இசைக்கலைஞர் பாப் டிலனின் புதிய புத்தகம் வெளியானது. அவர் கைப்பட கையெழுத்திட்டது என்று சொல்லி, 900 பிரதிகள் தலா 599 டாலருக்கு விற்கப்பட்டன. நம்ம கணக்கில் அப்போது கிட்டத்தட்ட 49 ஆயிரம் ரூபாய். விற்றது பெரிய பதிப்பகமான சைமன் அண்ட் ஷூஸ்டர். அசல் என்று உறுதியளிக்கும் கடிதமும் கூடவே வந்தது.

வாங்கியவர்கள் தங்கள் பிரதிகளைப் படம் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கையெழுத்துகள் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன. மனிதக் கை அப்படிப் போடாது. பதிப்பகம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. இயந்திரம் பயன்படுத்தியதை டிலனும் ஒப்புக்கொண்டு வருந்தினார்.

கடிதம் காப்பாற்றவில்லை, பெரிய பெயரும் காப்பாற்றவில்லை. காப்பாற்றியது பலர் சேர்ந்து பார்த்த கண்கள். சேகரிப்பாளர் அமைப்புகளின் உண்மையான பலமும் இதுதான்.

சட்டம் போட்டால் சரியாகிவிடுமா?

கலிஃபோர்னியா முயன்று பார்த்தது. 2017-ல் அமலுக்கு வந்த சட்டத் திருத்தம், 5 டாலருக்கு மேல் விற்கும் கையெழுத்துப் பொருட்களுக்கெல்லாம் டீலர் சான்றிதழ் தர வேண்டும் என்றது. எழுத்தாளர் கையெழுத்திட்ட புத்தகத்தை விற்கும் சின்னக் கடைகளும் மாட்டிக்கொண்டன. வழக்குப் போடப்பட்டது. அதே ஆண்டு வரம்பு 50 டாலராக உயர்த்தப்பட்டு, புத்தகங்களுக்கு விலக்கு கிடைத்தது. மோசடிக்காரரைப் பிடிக்க விரித்த வலையில் நேர்மையானவர்கள் முதலில் சிக்கினார்கள்.

வாங்கும் முன் என்ன செய்யலாம்?

* டீலர் சங்க உறுப்பினர் என்று சொன்னால், சங்கத்தின் பட்டியலில் நேரடியாகத் தேடுங்கள். லோகோவை யாரும் காப்பி அடிக்கலாம்.
* போலி என்று தெரிந்தால் பணம் திரும்ப வருமா, எத்தனை நாளுக்குள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.
* ஹாலோகிராம் எண்ணைச் சரிபார்க்கும்போது, தளத்தில் உள்ள விவரமும் கையில் உள்ள பொருளும் ஒன்றா என்று பாருங்கள். அசல் எண்ணைப் போலிப் பொருளில் ஒட்டலாம்.
* அந்தக் கையெழுத்து எங்கே, எப்போது போடப்பட்டது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விலகிவிடுங்கள்.
* ‘இவ்ளோ கம்மி விலையா?’ என்று தோன்றினால், அந்தச் சந்தேகத்தை நம்புங்கள்.

ஆக, சங்கங்கள் உதவுமா என்றால், உதவும். யாரிடம் வாங்கலாம் என்பதற்கு முதல் வடிகட்டியாகவும், ஏமாந்த பிறகு புகார் சொல்ல ஓர் இடமாகவும். வாங்கும் அந்த நிமிடத்தில் ‘பே’ பட்டனை அழுத்துவதா வேண்டாமா என்ற முடிவை மட்டும் அவை உங்களுக்காக எடுக்க முடியாது.