முதலில் வெளியேறு, பிறகு விசாரி!



கடந்த மாதம் ஒரு மாலைப்பொழுதில், எங்கள் தாமானில் பின்வரிசையில் குடியிருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே கூரையிலிருந்து 'டிட்' என்றோர் ஒலி. ஒரு நிமிடம் சென்றபின் மீண்டும் ஒரு 'டிட்'. "ரெண்டு நாளா இதே தொல்லைங்க சார், ராத்திரி தூங்க விடமாட்டேங்குது" என்றவாறே நண்பர் நாற்காலியைப் போட்டு ஏறினார். புகையை உணர்ந்து ஒலிக்கும் அந்தச் சிறு கருவியைக் கழற்றினார். மின்கலத்தை உருவி எறிந்தார். கருவி, தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழுள்ள இழுப்பறைக்குப் போயிற்று. வீடு அமைதியானது.

நண்பரின் மகன் கீழே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் என் மாணவன். அன்று அவன் ஒரு பாடம் கற்றுக்கொண்டான். அபாய ஒலி கேட்டால் அதை நிறுத்த வேண்டும் என்பதே அந்தப் பாடம். பக்கத்தில் அமர்ந்திருந்த ஆசிரியனாகிய நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குற்ற உணர்வே இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

நாமும் கற்பித்ததுதான்

நண்பரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் அபாய மணி அடிக்கடி பழுதாகித் தானாகவே அலறும். முதல் முறை எல்லாரும் திடலுக்கு ஓடினோம். மூன்றாம் முறை, "உட்காருங்கள், அது சும்மா அடிக்கிறது" என்று சொல்லிவிட்டு நான் கரும்பலகையில் எழுதுவதைத் தொடர்ந்தேன். முப்பது பிள்ளைகளும் தலையாட்டிவிட்டு எழுதினார்கள். நான் திருக்குறளைக் கற்பித்த அதே வேளையில், மணி அடித்தால் அசையாதே என்பதையும் சேர்த்தே கற்பித்துவிட்டேன்!

'புலி வருது' கதையை நாம் எல்லாரும் வகுப்பில் சொல்லியிருக்கிறோம். பொய் சொன்ன சிறுவனைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறோம். ஆனால், கதையின் முடிவில் புலி உண்மையாகவே வந்தது. அப்போது ஊரார் அசையவில்லை. அந்த ஊராரைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

கண்ணுக்குத் தெரியாத புலி

தீயாக இருந்தால் புகை தெரியும், கண் எரியும், இருமல் வரும். சமையல் எரிவாயு கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். அதற்கென்றே அதில் நாற்றம் சேர்க்கப்படுகிறது. ஆனால், கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளிக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. அறிவியல் பாடத்தில் நாம் மூச்சுவிடும்போது வெளியேறுவதாகக் கற்பிக்கும் கரிவளி வேறு, இது வேறு. விறகு, கரி, பெட்ரோல், எரிவாயு ஆகியவை போதிய காற்றின்றி அரைகுறையாக எரியும்போது உண்டாவது இது.

நம் குருதியில் உயிர்வளியைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இந்த நச்சுவளி அதனுடன் ஒட்டிக்கொள்கிறது. உயிர்வளிக்கு அங்கே இடம் இல்லாமற் போகிறது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், சோர்வு என்று தொடங்கும். காய்ச்சல் இல்லாத சளிக்காய்ச்சல்போல இருக்கும். "வெயில்ல அலைஞ்சது, கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று படுக்கப் போகிறவர் எழுந்திருப்பதில்லை.

அன்பர்களே, இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இந்த நச்சுவளி முதலில் தாக்குவது நம் மூளையை. ஆபத்தா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டிய அறிவையே அது முதலில் மழுங்கடிக்கிறது. ஆகவே, ஒலி கேட்ட பிறகு 'போகலாமா, வேண்டாமா' என்று யோசிப்பதில் பயனில்லை. யோசிக்கும் கருவியே பழுதாகிக்கொண்டிருக்கும்! அந்த முடிவை, தெளிவாக இருக்கும் ஒரு நாளில் முன்கூட்டியே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

"இது குளிர் நாட்டுச் சிக்கல் அல்லவா?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. பாதி உண்மைதான். குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் அடுப்புகளால்தான் இந்த விபத்து மிகுதி. ஆனால், நம் வீடுகள் மாறிவிட்டதை நாம் கவனிக்கவில்லை.

தோட்டப்புற லயத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். பலகைச் சுவரின் இடுக்கு வழியே காற்று வரும். தகரக் கூரைக்கும் சுவருக்கும் இடையே கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். அந்த வீட்டில் தணலை வைத்தாலும் புகையும் வளியும் தாமாகவே வெளியேறும். இன்று பண்டமாரானிலும் கிள்ளானிலும் நாம் வாழ்வது கல்வீடுகளில், கண்ணாடிச் சன்னலைச் சாத்தி, குளிரூட்டியைப் போட்ட அறைகளில். பழக்கங்களைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்துவிட்டோம். காற்றை அங்கேயே விட்டுவிட்டோம்.

ஓர் எடுத்துக்காட்டு. என் தங்கை பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருந்த சமயம். குழந்தையைக் குளிப்பாட்டியபின் தூபக்காலில் தணலிட்டுச் சாம்பிராணி காட்டினார்கள். பச்சை உடம்புக்குக் காற்று படக்கூடாது என்று கதவும் சன்னலும் அடைக்கப்பட்டிருந்தன. சாம்பிராணி தீர்ந்த பிறகும் தணல் கட்டிலுக்கடியில் கனன்றுகொண்டிருந்தது. சற்று நேரத்தில் தங்கை தலை வலிக்கிறது என்றாள். "பிள்ளை பெத்தவளுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார் பாட்டி. அம்மா ஏதோ நினைத்துக்கொண்டு சன்னலைத் திறந்தார். தணலை வெளியே கொண்டுபோனார். தலைவலி நீங்கியது. அன்று அளந்து பார்க்க வீட்டில் எந்தக் கருவியும் இல்லை. ஆனால், புகை அடங்கிய தணலும் இந்த நச்சுவளியைக் கக்கிக்கொண்டே இருக்கும் என்பதைப் பின்னாளில் படித்தபோது எனக்கு உடல் நடுங்கியது. சாம்பிராணி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சன்னல் திறந்திருக்கட்டும், முடிந்தவுடன் தணல் வெளியே போகட்டும்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்ற இளைஞர்கள், இறைச்சி சுட்ட கரி அடுப்பைக் குளிருக்காகத் தங்கும் அறைக்குள் வைத்துவிட்டு உறங்கினர். இருவர் விடியலைக் காணவில்லை. பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போகும் நாமும் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில், 2020ஆம் ஆண்டு பட்டர்வொர்த்தில் நிறுத்தியிருந்த மகிழுந்துக்குள் இருந்த நான்கு இளம்பெண்களில் மூவர் இந்த நச்சுவளியால் இறந்தனர். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் வழியில், குளிரூட்டியை ஓடவிட்டு மகிழுந்திலேயே கண்ணயர்வது நம்மிடையே எவ்வளவு இயல்பான செயல்! காலையில் வீட்டின் முன்புறத்தில் மகிழுந்தின் இயந்திரத்தை ஓடவிட்டு, முன்கதவையும் திறந்து வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் காலணி மாட்டுகிறோமே, அதுவும் அப்படித்தான்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பல குடியிருப்புகள் மின்சாரமின்றித் தவித்தன. அத்தகைய நேரங்களில் மின்னாக்கி (ஜெனரேட்டர்) தேவைப்படுகிறது. மழையில் நனையக் கூடாதென்று அதனை வீட்டுக்குள்ளோ முன்கூடத்திலோ வைத்து ஓட்டினால், வெள்ளத்துக்குத் தப்பியவர்கள் அந்த வளிக்குத் தப்பமாட்டார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பனிப்புயலால் மின்சாரம் நின்றபோது, இவ்வாறு பலர் மாண்டனர்.

ஒரு குடும்பம் விட்டுச் சென்ற சட்டம்

நம் தமிழர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், வூட்ஸ்டாக் என்னும் ஊரில் 2008ஆம் ஆண்டு ஹாக்கின்ஸ் குடும்பத்தார் நால்வரும் இறந்துபோயினர். தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள். எரிவாயு கணப்படுப்பின் புகைவழி அடைபட்டு, நச்சுவளி வீட்டுக்குள் நிறைந்துவிட்டது. வீட்டில் அதனை உணரும் கருவி இல்லை. அக்குடும்பத்தின் உறவினர் ஜான் ஜிக்னாக் ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி. பல ஆண்டுகள் தீயோடு போராடியவரின் சொந்த வீட்டாரே இதற்குப் பலியாயினர்! அவர் ஓயாமல் குரல் கொடுத்ததன் பயனாக 2013ஆம் ஆண்டு அங்கே ஹாக்கின்ஸ்-ஜிக்னாக் சட்டம் நிறைவேறியது. எரிபொருள் பயன்படுத்தும் வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு ஒலிக்கருவி கட்டாயமாயிற்று.

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா என்பதே என் கேள்வி. அந்தக் கருவி கைப்பேசியைவிடப் பன்மடங்கு மலிவானது. ஒன்றை மறவாதீர்கள்: புகையை உணரும் கருவி இந்த வளியை உணராது. இரண்டும் வெவ்வேறு.

ஒலித்தால் என்ன செய்வது?

முதலில் ஒலியைப் புரிந்துகொள்வோம். பெரும்பாலான கருவிகளில் நான்கு 'டிட்' தொடர்ந்து ஒலித்து, நின்று, மீண்டும் நான்காக ஒலித்தால் நச்சுவளி. மூன்று மூன்றாக ஒலித்தால் புகை. நிமிடத்துக்கு ஒரு 'டிட்' என்றால் மின்கலம் தீர்கிறது அல்லது கருவியின் ஆயுள் முடிகிறது. கருவிகளின் ஆயுள் பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள்.

நான்கு 'டிட்' கேட்டால்:

1. உடனே அனைவரும் வெளியேற வேண்டும். எங்கிருந்து வருகிறது என்று தேடக்கூடாது. அடுப்பை அணைப்பதும் சன்னலைத் திறப்பதும் போகும் வழியில் கைக்கெட்டினால் மட்டுமே.
2. வெளியே ஓரிடத்தில் கூடித் தலைகளை எண்ண வேண்டும். தாத்தா, பாட்டி, தொட்டிலில் கிடக்கும் குழந்தை எல்லாரும்.
3. 999 எண்ணுக்கு அழைத்துத் தீயணைப்பு மீட்புத் துறையிடம் சொல்ல வேண்டும். அவர்கள் அளந்து பார்த்துச் சொல்லும்வரை உள்ளே போகக்கூடாது. பணப்பையை எடுக்கவும் கூடாது!
4. தலைவலியோ மயக்கமோ இருந்தால் மருத்துவமனைக்குச் சென்று, "கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நான்காவதற்குக் காரணம் உண்டு. கோவிட் காலத்தில் நம்மில் பலர் விரலில் மாட்டி உயிர்வளி அளக்கும் சிறு கருவியை வாங்கி வைத்தோம். அதனால் இந்த நச்சுவளியை இனம் பிரிக்க இயலாது. குருதி நஞ்சாகிக்கொண்டிருக்கும்போதும் அது 98, 99 என்று காட்டும். அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். குருதியைச் சோதித்தால்தான் தெரியும். தூய உயிர்வளி கொடுத்தால் நஞ்சு விரைந்து வெளியேறும்.

"எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, கருவிதான் கெட்டுப்போய்விட்டது" என்று ஒருவர் சொல்லக்கூடும். நாம் நலமாக இருக்கும்போதே ஒலிக்கும்படிதான் அக்கருவி செய்யப்பட்டுள்ளது. அமெரிக்கத் தரப்படி, காற்றின் பத்து இலட்சம் பங்கில் 70 பங்கு நச்சுவளி இருந்தால் 1 முதல் 4 மணி நேரத்துக்குள்ளும், 400 பங்கு இருந்தால் 4 முதல் 15 நிமிடத்துக்குள்ளும் அது ஒலிக்க வேண்டும். உடல் சொல்லும்வரை காத்திருந்தால் கருவி எதற்கு?

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்

சக ஆசிரியர்களே, ஆண்டுதோறும் நடக்கும் தீத்தடுப்புப் பயிற்சியைச் சடங்காக நடத்தாதீர்கள். மணி அடித்ததும் பாதி எழுதிய சொல்லை அப்படியே விட்டுவிட்டு நாம் முதலில் நடக்க வேண்டும். பிள்ளைகள் நம் வாயைவிட நம் கால்களைத்தான் பார்க்கிறார்கள். பழுதான மணி என்றால், பழுது பார்க்கும்வரை எழுதிக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால், மணி அடிக்கும்போதெல்லாம் வெளியேறுவோம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கால் மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் என்ன?

பெற்றோர்களே, இந்த வாரம் ஓர் இரவு, உணவுக்குப் பின் பிள்ளைகளோடு அமர்ந்து ஒன்றை மட்டும் முடிவு செய்யுங்கள்: ஒலி கேட்டால் நாம் எங்கே போய் நிற்போம்? எதிர்வீட்டு மதிலா, முச்சந்தி விளக்குக் கம்பமா? ஒருமுறை நடந்து பாருங்கள். கடைசிப் பிள்ளையைத் தூக்குவது யார் என்பதையும் பேசி வையுங்கள்.

சென்ற சனிக்கிழமை புதிய மின்கலம் ஒன்றை வாங்கிக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே இழுப்பறையைத் திறந்தார். கருவியை மாட்டியவர் அவர். பொத்தானை அழுத்திப் பார்த்தவன் அவருடைய மகன். வீடே அதிர அது அலறியது. நண்பர் காதைப் பொத்திக்கொண்டார். பையன் மட்டும் நாற்காலியிலிருந்து குதித்து வாசலுக்கு ஓடி, வேலிக்கு வெளியே நின்றுகொண்டு எங்களைப் பார்த்து, "வாங்க சார்!" என்று கத்தினான்.

நாங்கள் இருவரும் வெளியே போனோம்.

சிந்திப்போம், செயல்படுவோம்.

அன்புடன்,
பண்டமாரானிலிருந்து ஒரு தமிழாசிரியர்