அச்சு யார் கையில்?

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. திருவொற்றியூரும் எண்ணூரும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்த பகுதிகளே. தொடக்க ஆண்டுகளில் மாணவர் கைக்கு வந்த மடிக்கணினியை இயக்கினால், திரையில் முதலில் இரண்டு பெயர்கள் தோன்றும். ஒன்று, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். மற்றொன்று, ‘பாஸ்’ என்னும் லினக்ஸ். எதனுள் நுழைவது என்று கணினி கேட்கும். பெரும்பாலோரின் விரல் முதற்பெயரையே தேடிச் சென்றது. இரண்டாவது பெயர் எங்கிருந்து வந்தது, அதனை ஏன் அங்கே வைத்தார்கள் என்னும் பேச்சு வகுப்பறைகளில் மிகுதியாக எழவில்லை. அப்பேச்சு எழுந்திருக்க வேண்டும்.

கணினியின் வன்பொருளுக்கும் பயனருக்கும் இடையே நின்று, விசைப்பலகை முதல் நினைவகம் வரை அனைத்தையும் ஆளும் மென்பொருளே இயங்குதளம். அதனை மனிதர்கள் படித்தறியும் வடிவில் எழுதுகிறார்கள். அவ்வடிவத்திற்கு மூல நிரல் என்று பெயர். பின்னர் அது கணினி மட்டுமே அறியும் வடிவிற்கு மாற்றப்படுகிறது. மாற்றப்பட்ட வடிவை மட்டும் விற்று, மூல நிரலைத் தம்மிடமே பூட்டி வைத்துக்கொள்வது ஒருவகை வணிகம். மூல நிரலையும் சேர்த்துக் கொடுத்து, திருத்தவும் பகிரவும் உரிமை அளிப்பது மற்றொரு வகை. இவ்வேறுபாடு கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். அதன் எடையை அறிய, கணினியை விட்டுச் சற்று விலகி வடசென்னையின் தொழிற்சாலைகளைப் பார்ப்பது நல்லது.

1950களில் இந்திய இராணுவம் தன் தேவைக்காக இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்திடமிருந்து 350 சிசி புல்லட் வண்டிகள் எண்ணூற்றை வாங்கியது. அதனைத் தொடர்ந்து, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் அந்த ஆங்கிலேய நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தை உருவாக்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. முதலில் நடந்தது பூட்டு வேலைதான். ரெட்டிச் நகரத்திலிருந்து உதிரிபாகங்கள் வரும். இங்குள்ள தொழிலாளர் அவற்றை ஒன்றுசேர்த்து வண்டியாக்குவர். அந்நிலை நீடித்திருந்தால் அங்கிருந்து பெட்டி வருவது நின்ற நாளில் இங்கே வேலையும் நின்றிருக்கும். ஆனால் 1957இல் உதிரிபாகங்களைச் செய்வதற்கான கருவிகளும் அச்சுகளும் திருவொற்றியூருக்கு விற்கப்பட்டன. 1960களின் தொடக்கத்தில் முழு வண்டியும் இங்கேயே உருவாகத் தொடங்கியது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் அந்நிறுவனத்தின் உற்பத்தியே முடிவுக்கு வந்தது. திருவொற்றியூரில் புல்லட்டின் ஒலி ஓயவில்லை. 1977இல் அவ்வண்டி இங்கிருந்து இங்கிலாந்திற்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது என்பது வரலாற்றின் சிறு குறும்பு.

எண்ணூரிலும் ஏறத்தாழ இதே கதைதான். 1948இல் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காகத் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் லேலண்டு நிறுவனத்தின் முதலீட்டால் அசோக் லேலண்டு ஆயிற்று. இங்கிலாந்தின் தாய் நிறுவனம் 1975இல் நட்டத்தில் மூழ்கி அரசுடைமையானது. பின்னர்த் துண்டு துண்டாகப் பிரிந்தது. எண்ணூரின் சரக்குந்துகள் இன்றும் சாலையில் ஓடுகின்றன.

இவ்விரண்டு நிகழ்வுகளிலும் உரிமையாளர் மாறினர், பங்குகள் கைமாறின, பெயர்ப்பலகைகூட மாறியது. செய்யும் முறையும் செய்கருவியும் இங்கே இருந்தமையால் உற்பத்தி நிற்கவில்லை. இயங்குதளத்தின் உலகில் அச்சின் இடத்தில் இருப்பது மூல நிரல். இதனை மனத்தில் கொண்டு இயங்குதள நிறுவனங்களின் வரலாற்றைப் படித்தால், அது வேறு பொருள் தரும்.

மைக்ரோசாஃப்டின் கதை பலரும் அறிந்தது. 1981இல் சியாட்டில் நகரத்தின் ஒரு சிறு நிறுவனத்திடமிருந்து ஓர் இயங்குதளத்தை அது விலைக்கு வாங்கியது. மெருகேற்றி ஐபிஎம் நிறுவனத்தின் கணினிகளுக்கு அளித்தது. பிற கணினி உற்பத்தியாளர்களுக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டது. பிற்கால வளர்ச்சியெல்லாம் அந்த ஓர் உரிமையின் மேல் கட்டப்பட்டதே. அந்நிறுவனத்தார் அச்சின் மதிப்பை நன்கறிந்தவர்கள். ஆகவேதான் அதனைக் கொடுப்பதில்லை.

அதனினும் அதிகம் கற்பிப்பது சூசே என்னும் நிறுவனத்தின் கதை. தமிழ்நாட்டிற்கும் அதனோடு தொடர்புண்டு. 2006-07 காலத்தில், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, அரசு நிறுவனமான எல்காட் தன் கணினிகளை விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு மாற்றியது. இந்தியாவில் ஓர் அரசு நிறுவனம் இவ்வளவு வெளிப்படையாக அம்முடிவை எடுத்தது அன்று வியப்போடு பேசப்பட்டது.

அந்தச் சூசே, 1992இல் ஜெர்மனியில் இளைஞர் நால்வர் தொடங்கிய சிறு நிறுவனம். லினக்ஸின் கரு அதற்கு முந்தைய ஆண்டுதான் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸால் வெளியிடப்பட்டிருந்தது. யாருக்கும் சொந்தமாகாத நிரலைத் தொகுத்து, குறுவட்டிலும் கையேட்டிலும் இட்டு, பராமரிப்பு உதவியோடு விற்பதே அவர்களின் தொழில். 2003இல் அமெரிக்காவின் நாவல் நிறுவனம் 21 கோடி டாலருக்கு அதனை வாங்குவதாக அறிவித்து, அடுத்த ஆண்டு வாங்கி முடித்தது. 2006இல் நாவல் மைக்ரோசாஃப்டோடு உடன்பாடு செய்துகொண்டபோது லினக்ஸ் ஆர்வலர் பலர் கொதித்தனர். 2011இல் நாவலையே அட்டாச்மேட் வாங்கியது. 2014இல் அட்டாச்மேட்டை இங்கிலாந்தின் மைக்ரோ ஃபோகஸ் தன்னுள் இணைத்துக்கொண்டது. 2019இல் சுவீடனைச் சேர்ந்த ஈக்யூடி என்னும் முதலீட்டு நிறுவனத்தின் கைக்குச் சூசே போனது. 2021இல் பிராங்க்ஃபர்ட் பங்குச் சந்தையில் ஏறி, 2023இல் அங்கிருந்து இறங்கியது.

இருபது ஆண்டுகளில் இத்தனை கைமாற்றம். பூட்டிய நிரலை விற்கும் நிறுவனத்திற்கு இது நேர்ந்திருந்தால், ஏதேனும் ஓர் உரிமையாளர் கடையை மூடிவிட்டுப் போயிருக்கலாம். அதனோடு பயனரின் கதியும் முடிந்திருக்கும். லினக்ஸின் உரிமம் அதற்கு இடந்தரவில்லை. ஒருமுறை வெளியிடப்பட்ட மூல நிரலை எந்த முதலாளியும் திரும்பப் பெற இயலாது. விலை உயரலாம், சேவை குறையலாம். அவை உண்மையான இடர்களே. நிரல் மட்டும் போகாது. 2020 டிசம்பரில் ரெட் ஹேட் நிறுவனம், பல்லாயிரம் வழங்கிகளில் ஓடிக்கொண்டிருந்த சென்ட்ஓஎஸ் லினக்ஸை அதன் பழைய வடிவில் நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறு ஆண்டின் நடுப்பகுதிக்குள் அதே மூல நிரலிலிருந்து அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்னும் இரண்டு வாரிசுகள் எழுந்துவிட்டன. ரெட்டிச்சில் கதவடைத்தபோது திருவொற்றியூர் நடத்திக் காட்டியது இதனையே.

மறுபுறம், விண்டோஸ் எக்ஸ்பி. 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. உலகெங்கும் அரசு அலுவலகங்களில் அதுவே நிறைந்திருந்தது. கணினிகள் பழுதாகவில்லை, பணியும் மாறவில்லை. எனினும் பயன்படுத்துவோர் தாமே திருத்தம் செய்துகொள்ள வழியில்லை, ஏனெனில் மூல நிரல் அவர்களிடம் இல்லை. அவ்வேளையில் தமிழ்நாடு அரசு தன் துறைகளுக்குப் பரிந்துரைத்த மாற்று, பாஸ். பின்னர் விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் அதே நிலை வந்தது. நன்றாக ஓடும் ஒரு கணினியைப் பள்ளி ஆய்வகத்திலிருந்து எப்போது அகற்றுவது என்பதைக் கடல் கடந்த ஒரு நிறுவனத்தின் நாட்காட்டி முடிவு செய்கிறது.

‘பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கமே பாஸ். மைய அரசின் சி-டாக் நிறுவனத்தினது சென்னை மையத்தின் ஆக்கம் அது. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் என்னும் திட்டத்தின்கீழ் உருவாகி 2007இல் வெளிவந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் அத்திட்டத்தில் பங்கேற்றது. டெபியன் என்னும் உலகளாவிய தன்னார்வலர் தொகுப்பே அதன் அடித்தளம். ‘பிறர் செய்ததை எடுத்துப் பெயர் மாற்றியதுதானே?’ என்று இதனைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. புல்லட்டின் அச்சும் ரெட்டிச்சிலிருந்து வந்ததுதான். சூசேயும் பிறர் நிரலைத் தொகுத்தே வளர்ந்தது. 2023இல் பாதுகாப்பு அமைச்சகம் அறிமுகப்படுத்திய மாயா, உபுண்டுவின் மேல் நிற்கிறது. எடுத்துக்கொள்வதில் இழுக்கில்லை, எடுத்ததை வைத்து என்ன செய்தோம் என்பதே கேள்வி.

பாஸின் குறை அங்கேதான் இருக்கிறது. அச்சு வந்தவுடன் வண்டி வந்துவிடவில்லை. 1957இல் கருவிகள் திருவொற்றியூரை அடைந்த பின்னும், ஒவ்வொரு பாகத்தையும் இங்கேயே செய்து முடிக்க ஆண்டுகள் சில தேவைப்பட்டன. வரைபடம் படிக்கத் தெரிந்தவர், கடைசல் இயந்திரத்தில் நூலளவு பிசகாமல் இரும்பைச் செதுக்குபவர், அச்சு தேய்ந்தால் புது அச்சு செய்பவர் எனப் பட்டறைக்குள் ஒரு தலைமுறை உருவாக வேண்டியிருந்தது. மடிக்கணினித் திட்டம் பல இலட்சம் மாணவர் கையில் அச்சைக் கொடுத்தது. பட்டறையை உருவாக்கவில்லை. ஆசிரியர்க்குப் போதிய பயிற்சி இல்லை. பாஸில் அச்சுப்பொறி இயங்காவிட்டால் யாரைக் கேட்பது என்பதற்கு விடை இல்லை. பக்கத்துத் தெருக் கடைக்காரர் அதனை அழித்து, உரிமம் பெறாத விண்டோஸை நிறுவித் தந்தபோது மாணவர் மகிழ்ந்ததில் வியப்பில்லை. அவர்களைக் குறை கூறுவதும் முறையன்று.

விண்டோஸே போதும் என்பாரின் கருத்தையும் எளிதில் தள்ளிவிட இயலாது. கணக்கு எழுதும் டேலி, பொறியியல் வரைபடத்திற்கான ஆட்டோகேட் ஆகியன பெரும்பாலும் விண்டோஸையே நம்பியுள்ளன. அலுவலகத்திலோ ஆலையிலோ வேலைக்குச் செல்லும் இளைஞரிடம் இவற்றையே கேட்பர். ஆதலின் விண்டோஸைக் கற்பிக்க வேண்டாம் என்பது பொறுப்பற்ற பேச்சு. வண்டி ஓட்டக் கற்பதும் வண்டியைப் பிரித்துப் பூட்டக் கற்பதும் வேறு வேறு கல்விகள். முன்னதை மட்டும் தந்துவிட்டுக் கணினிக் கல்வி முடிந்தது எனக் கொள்வதுதான் பிழை. எண்ணூர் ஆலைகளின் பயிற்சிக்கூடங்களில் இளைஞர்க்கு முதலில் அரமும் அளவுகோலும்தான் கையில் கொடுக்கப்பட்டன. ஓட்டுநர் இருக்கை அன்று. பள்ளிக் கணினி ஆய்வகத்தில் வாரம் ஒரு பாடவேளையேனும் திறந்த இயங்குதளத்தைப் பிரித்துப் பார்ப்பதற்கு ஒதுக்குவது, புதிய கணினிகள் வாங்குவதைவிடச் செலவு குறைந்தது.

இன்னொரு தவறான புரிதலும் நம்மிடம் உண்டு. கட்டற்ற மென்பொருளை ‘இலவசம்’ என்றே நாம் அறிமுகப்படுத்திவிட்டோம். விலையில்லாமல் கிடைப்பதை மலிவானது என்று கருதும் மனம் எவர்க்கும் இயல்பு. சூசேயும் ரெட் ஹேட்டும் அதே நிரலைப் பராமரித்தே பெரும்பொருள் ஈட்டின. 2019இல் ரெட் ஹேட்டை ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த விலை நிரலுக்குரியது அன்று. அதனைத் திறந்து திருத்தத் தெரிந்த மனிதர்களுக்கு உரியது.

அத்திறத்தின் முதற்படி நிரலெழுதுவதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. லினக்ஸ் பணித்திரையில் தோன்றும் ஒவ்வொரு சொல்லும் ஓர் எளிய உரைக்கோப்பில் இருக்கிறது. மேல் வரியில் ஆங்கிலம். அதன் கீழ் வரியில் தமிழ். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் உள்ள தன்னார்வலர் பலர் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளாக அவ்வரிகளை நிரப்பி வருகின்றனர். கோப்பு, சாளரம் ஆகிய சொற்கள் இன்று அத்திரைகளில் இயல்பாக நிற்கின்றன. பொருந்தாத சொற்களும் இல்லாமல் இல்லை. அவற்றை மாற்ற எந்த நிறுவனத்தின் அனுமதியும் தேவையில்லை. பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் திருத்தத்தை அனுப்பினால், மொழிபெயர்ப்புக் குழுவினர் சரிபார்த்துச் சேர்ப்பர். அடுத்த பதிப்பில் அச்சொல் இராயபுரத்திலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் ஒரே நேரத்தில் திரையில் தோன்றும். அக்கோப்புகளில் இன்னும் பல இடங்களில் கீழ் வரி வெறுமையாகவே உள்ளது.