உளி பிடிக்க நாணுவதோ?



சென்ற பொங்கல் விழாவுக்குப் பொருள் சேர்த்தபோது நம் சங்கத்தில் ஒரு சிறு பேச்சு எழுந்தது. குத்துவிளக்கு வைக்க மணை ஒன்று வேண்டும் என்றார் ஒருவர். பிளாஸ்டிக் முக்காலி வாங்கிவிடலாம் என்றார் மற்றொருவர். "மணை வேண்டுமென்றால் தச்சனை அல்லவா தேடவேண்டும்!" என்றார் மூன்றாமவர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். என் தந்தை தச்சர்.

நெல்லைச் சீமையிலிருந்து இந்த வடநாட்டுக்கு நான் படிக்க வந்து இரண்டாண்டு ஆகிறது. தந்தைக்கு என்ன தொழில் என்று கேட்டவர்களிடமெல்லாம் "மர வியாபாரம்" என்றே சொல்லி வந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. விழா முக்காலியோடு முடிந்தது. மணையை நானே செய்வதென்று உறுதி கொண்டேன்.

மாம்பலகை ஒன்று வாங்கினேன். 18 அங்குல நீளம், 12 அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம். அடியில் குறுக்காக இரு கட்டைகளை வைத்து ஆணி அறைந்தேன். சித்திரை வந்தது, அனற்காற்று வீசியது, பலகை நெடுக வெடித்துவிட்டது. தொலைபேசியில் தந்தையிடம் சொன்னேன். "ஏய்யா, ஆணியடிச்சுக் கட்டிப்போட்டா மரம் சும்மா இருக்குமா? அது அசைய இடம் விடணும்லா!" என்றார்.

அப்போதுதான் என் பாடநூல் நினைவுக்கு வந்தது. ஈரம் குறையும்போது மரம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோலச் சுருங்குவதில்லை. நீளவாக்கில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் சுருங்கும். அகலவாக்கில் மிகுதி, அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. குறுக்குக்கட்டை நீளம் மாறாமல் நிற்க, பலகை அகலம் குறையத் துடிக்க, ஆணி இரண்டையும் பிணைத்துவிட்டது. பலகை வெடிக்காமல் என்ன செய்யும்? இதைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெற்றவன் நான்! ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் தந்தைக்கு அது கையிலேயே இருந்தது.

கடைத்தெருவில் உள்ள ஒரு தச்சரிடம் போனேன். மணையை இங்கே 'பீடா' என்கிறார்கள். அவர் உளியும் கொட்டாப்புளியும் தந்து, நான் பிடித்த பிடியையும் திருத்தினார். இம்முறை, வாய் குறுகி அடி விரிந்த பள்ளம் வெட்டி, அதற்கேற்பச் செதுக்கிய கால்களைப் பக்கவாட்டில் செலுத்தினேன். பசையுமில்லை, ஆணியுமில்லை. மழையில் பலகை விரியலாம், வெயிலில் சுருங்கலாம், கால் கழலாது.

மேலே ஒரு பூ. கவராயத்தால் வட்டமிட்டு, அதே அளவால் சுற்றி வந்தால் ஆறு இதழ் கிடைக்கும். வரைவது எளிது, செதுக்குவது அரிது. இதழின் ஒரு கரையில் உளி செல்லும் திசை வேறு, மறுகரையில் வேறு. மர ஓட்டத்துக்கு எதிரே போனால் சிம்பு பெயரும். என் பூவில் இரண்டு இதழ்கள் மூளிதான்.

"இயந்திரம் ஒரு நொடியில் செய்வதற்கு இவ்வளவு பாடு ஏன்?" என்பீர்கள். இயந்திரத்தை நான் வெறுக்கவில்லை. நாளை அதை வடிவமைக்கப் போகிறவர்களும் நாமே. ஆனால் பொருளைத் தொட்டறியாதவன் எதை வடிவமைப்பான்? ஏட்டில் இருந்தால் அறிவு, கையில் இருந்தால் கூலி வேலை என்று பிரித்தது யார்? மணமக்களை மணையில் அமர்த்துகிறோம். அதைச் செய்தவரை வாசலில் நிறுத்திக் கூலி கொடுத்து அனுப்புகிறோம். சாதி பேசமாட்டோம் என்று மேடையில் முழங்கும் நாம், அன்று எதைக் கண்டு சிரித்தோம்?

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். உளி, இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் ஆகியவற்றை வாங்குவோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைத்தெருத் தச்சரை ஆசிரியராக அழைப்போம். ஆசிரியருக்குரிய ஊதியமும் மதிப்பும் தருவோம்.

வரும் பொங்கலுக்குக் குத்துவிளக்கை என் மணைமேல் வையுங்கள். மூளி இதழைக் கண்டு யார் செய்தது என்று கேட்பவர்களுக்குச் சொல்லுங்கள்: ஒரு தச்சரின் மகன் செய்தான் என்று.